வயலில் உப்பா, களரா? தண்ணீர் போதுமா, ஜிப்சம் வேண்டுமா?

முத்துப்பேட்டை லகூனுக்குப் படகில் போகிறவர்கள் அலையாத்தி இலை ஒன்றை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்க்கலாம். உப்புக் கரிக்கும்! இங்கே அதிகம் வளரும் வெண்கண்டல் மரம், வேர் வழியே வந்த மிச்ச உப்பை இலைச் சுரப்பிகளால் வெளியே தள்ளிவிடுகிறது. வெயிலில் பொடியாகப் படியும் அந்த உப்பு, பனி பெய்தால் கரைந்துவிடும். கரைந்தாலும் காய்ந்தாலும் அது அதே உப்புதான். வேதாரண்யம் உப்பளத்தில் நடப்பதும் இதுவே. இது இயற்பியல் மாற்றம்.

அதே படகிலிருந்து கழியால் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை குப்பென்று வரும். காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிரிகள் கடல்நீரின் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகின்றன. முன்பு இல்லாத புதுப் பொருள் பிறந்துவிட்டது. இது வேதியியல் மாற்றம்.

பள்ளிக்கூடப் பாடம்தானே என்று தோன்றும். ஆனால் கடலோர விவசாயிக்கு இது பணம் சம்பந்தப்பட்ட விஷயம்.

2004 சுனாமியில் நாகை மாவட்ட வயல்களில் கடல்நீர் புகுந்தது. அப்படிப் புகும் உப்பு மண் துகள்களுக்கு நடுவே வெறுமனே தங்கியிருந்தால் அது உவர் நிலம். மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும். நல்ல தண்ணீர் கட்டி, கரைத்து, வடித்துவிட்டால் போதும். மழையே பாதி வேலையைச் செய்துவிடும்.

களர் நிலம் வேறு கதை. அங்கே சோடியம், களிமண்ணோடு ஒட்டியிருந்த கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தானே உட்கார்ந்துகொள்கிறது. மண்ணின் தன்மையே மாறிவிடுகிறது. ஈரத்தில் குழைந்து, துளைகள் அடைபட்டு, தண்ணீர் கலங்கலாக நிற்கும்; காய்ந்தால் பாறை மாதிரி இறுகும். இதை வெறும் தண்ணீரால் கழுவக் கழுவ இன்னும் மோசமாகும். ஜிப்சம் போட வேண்டும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்ற, அது சோடியம் சல்பேட்டாகித் தண்ணீரில் கரைந்து வடிகாலில் போய்விடும்.

'பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல் மாற்றம், திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றம்' என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்வதுண்டு. களர் நிலம் அந்த விதிக்குள் அடங்காது. வேதியியல் மாற்றம்தான், ஆனாலும் மீட்டுவிடலாம். கிழித்த காகிதமோ திரும்ப ஒட்டாது. ஆனால் அது இயற்பியல் மாற்றம்தான். புதுப் பொருள் உண்டானதா என்று கேட்பதே சரி.

கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் மண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கார அமில நிலை 8.5-க்கு மேல் போனால் களர். அதற்குள் இருந்து, மின்கடத்தும் திறன் 4-ஐத் தாண்டினால் உவர். இரண்டும் கலந்த நிலமும் உண்டு. நெல் வயலில் 15 செ.மீ. ஆழத்துக்கு, பல இடங்களில் மண் எடுக்க வேண்டும். வரப்போரமும் எருக்குழிப் பக்கமும் வேண்டாம். ஜிப்சம் எத்தனை மூட்டை என்பதையும் பரிசோதனை நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். அதற்கு முன் வடிகாலைத் தூர் வாரிவிடுங்கள்.