வீட்டுத் திருத்த வேலை: காசு எங்கே கசிகிறது?

வீட்டைத் திருத்துவது என்று முடிவெடுத்ததும் எமது வியாபாரிகள் கேட்கும் முதல் கேள்வி, சீமெந்து எந்தக் கடையில் குறைவு என்பதுதான். பைக்கு இருபது ரூபாய் குறைவென்றால் ஊரின் அடுத்த தொங்கல் வரைக்கும் போய் வருவார்கள். திருகோணமலையில் துறைமுகப் பக்கம் ஹாட்வெயார் கடையில் பல வருடம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓட்டை அங்கே இல்லை. சீமெந்து விலை எல்லோருக்கும் தெரிந்த விலை. எமது ஊரில் காசு கசிவது மணலிலும் தண்ணீரிலும் கம்பியிலும்.

மணலை எடுத்துக்கொள்வோம். மகாவலி கொட்டியாரக் குடாவில் கலப்பது எமக்குப் பக்கத்தில் என்பதால் மூதூர், கிண்ணியாப் பகுதிகளிலிருந்து ஆற்றுமணல் வருகிறது. இதைக் கியூப் கணக்கில் வாங்குகிறோம். ஒரு கியூப் என்பது 100 கன அடி. மணல் சற்று ஈரமாக இருந்தால் ஒவ்வொரு மணியையும் சுற்றி நீர்ப்படலம் உண்டாகி, மணிகள் ஒன்றையொன்று தள்ளி நிற்கும். அதனால் மணல் ஊதிக்கொள்ளும். இந்த ஊதல் நூற்றுக்கு 20 முதல் 30 வரை போகலாம். 25 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காசு கொடுத்த 100 கன அடியில் உண்மையான மணல் 80 கன அடிதான். ஐந்து கியூப் இறக்கினால் ஒரு கியூப் காற்று!

இதைக் கண்டுபிடிக்க எந்த இயந்திரமும் வேண்டாம். பக்கங்கள் நேரான ஒரு ஜாம் போத்தலில் ஈரமணலை அமுக்காமல் ஐந்து அங்குலத்துக்கு நிரப்புங்கள். அதை வெளியே கொட்டிவிட்டுப் போத்தலில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, அதே மணலை மீண்டும் போட்டுக் கலக்கி அடைய விடுங்கள். மட்டம் நான்கு அங்குலத்துக்கு இறங்கினால் நூற்றுக்கு 25 ஊதல். இதைக் காட்டி விலை பேசலாம், அல்லது காய்ந்த மணலாக வாங்கலாம். இன்னொரு நட்டமும் உண்டு. மேசன் பெட்டியால் அளந்து ஒன்றுக்கு ஐந்து கலவை போடும்போது, ஈரமணலில் அது உண்மையில் ஒன்றுக்கு நான்காகிவிடும். உங்களுக்குத் தெரியாமலே சீமெந்து கூடுதலாகச் செலவாகிறது.

கடற்கரை மணலை அள்ளிக் கட்டுவோரும் இருக்கிறார்கள். இதைவிட விலை கூடிய சிக்கனம் கிடையாது. மேல் மாகாணத்தில் முத்துராஜவெலயில் கடலடி மணலைக் கரையில் குவித்து, உப்பைக் கழுவி நீக்கிய பிறகே விற்கிறார்கள். கழுவாத மணலின் உப்பு கொங்கிரீட்டுக்குள்ளே கம்பியைத் தின்னும். தண்ணீரும் அப்படித்தான். கிணற்று நீர் நாக்கில் கரித்தால் அது கலவைக்கு உதவாது. கந்தளாயிலிருந்து வரும் குழாய் நீர் இருக்கும்போது கரிப்பு நீரில் கொங்கிரீட் கலக்க எந்த நியாயமும் இல்லை.

கம்பி துருப்பிடித்தால் என்ன நடக்கும்? துரு, இரும்பை விட இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து தள்ளும், கொங்கிரீட் வெடிக்கும், ஒரு நாள் கட்டியாக விழும். கீழே கல்லாவில் நீங்கள் இருக்கலாம், உங்கள் பிள்ளை இருக்கலாம். எமது பகுதியில் வெடித்த இடத்தில் சாந்தை அப்பிச் சாயம் அடித்துவிடுகிறார்கள். உள்ளே துரு தன் வேலையைத் தொடர்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். வெடித்த பகுதியைக் கம்பிக்குப் பின்னாலும் முக்கால் அங்குலம் வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பித் தூரிகையால் இரும்பு வெளுக்கும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவி, துருத்தடுப்புப் பூச்சுப் பூசிய பிறகே நிரப்ப வேண்டும். கம்பியின் தடிப்புக் கண்ணுக்குத் தெரியக் குறைந்திருந்தாலோ, தூணிலோ பீமிலோ வெடிப்பு இருந்தாலோ மேசனோடு நிறுத்தாமல் ஒரு பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். கட்டும்போதே உப்பு மணலால் போட்ட தட்டென்றால் ஒட்டுவேலை நிலைக்காது. திருத்திய இடத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும். அப்படியானதை இறக்கிவிட்டு ஓட்டுக் கூரை போடுவதே மலிவு என்பது என் அபிப்பிராயம்.

சரக்குக்குப் பார்ப்பதுபோல் இதற்கும் அடக்கம் பாருங்கள். உதாரணத்துக்கு, அப்பிவிட்டால் 20,000 ரூபாய், இரண்டு வருடம் தாங்கும். முறையாகச் செய்தால் 60,000, பத்து வருடம் தாங்கும். முதலாவது வருடத்துக்குப் பத்தாயிரம், இரண்டாவது ஆறாயிரம்.

2022 நெருக்கடியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2021 ஒக்டோபரில் ஆயிரத்து நூறு ரூபாயளவில் இருந்த 50 கிலோ பை, அடுத்த ஏப்ரலில் இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. வற் வரியும் 2022 இல் 8 இலிருந்து 12, பின்னர் 15, 2024 ஜனவரியில் 18 வீதம் என்று ஏறியது. இந்தப் பயத்தில் சீமெந்தை வாங்கி அடுக்கும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அரிசி மூட்டையல்ல அது. மூன்று மாதத்தில் பலத்தில் ஐந்தில் ஒரு பங்களவு போய்விடும் என்பது பொதுவான கணக்கு. எமது ஈரக்காற்றில், அதுவும் மாரியில், அதற்கு முன்பே கட்டி விழும். பலகை மேல், சுவரில் முட்டாமல் அடுக்கி, வேலைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள்.

வேலைக்கு ஏற்ற காலம் எது? ஒக்டோபருக்குப் பின் மழை, கூரையைத் தொடமுடியாது. கச்சான் வீசும் ஜூன், ஜூலையில் பூச்சு வேலை செய்தால் அந்த உலர்காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும், பூச்சு முடிவெடிப்பாய் வெடிக்கும். அந்த மாதங்களில் செய்தே ஆகவேண்டுமென்றால் நனைத்த சாக்கைப் போர்த்தி, ஏழு நாளாவது விடாமல் தண்ணீர் காட்டுங்கள். சாக்குக்கும் தண்ணீருக்கும் ஆகும் செலவு சொற்பம். மேசன் இதைச் செய்யமாட்டார், அவருக்கு அடுத்த வீடு காத்திருக்கும். வீட்டுக்காரர்தான் காலையும் மாலையும் நனைக்க வேண்டும்.

கடைசியாக, கடை லாச்சியிலிருந்து அன்றன்று எடுத்து மேசனுக்குக் கொடுக்காதீர்கள். பெருநாள் சரக்கு எடுக்கும் நேரத்தில்தான் கைமுதல் எங்கே போனது என்று தெரியவரும். வீட்டு வேலைக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி, வேறு கொப்பியில் எழுதுங்கள். அந்தத் தொகை முடிந்ததும் வேலையை அந்தக் கட்டத்தில் நிறுத்திவிடுங்கள். நிறுத்தும் இடத்தில் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் சீமெந்துப் பால் பூசிவைக்க மறக்க வேண்டாம்.