உங்களுக்குத் தெரியுமா? ரயில் நிலையத்திலேயே லக்கேஜை ஒப்படைக்கலாம்!

ஹாங்காங்கில் விமானப் பயணிகள் நகர ரயில் நிலையத்திலேயே லக்கேஜைக் கொடுத்துவிட்டு, போர்டிங் பாஸுடன் கைவீசி நடக்கலாம். அங்குள்ள செக் லாப் காக் விமான நிலையம் 1998-இல் திறந்தபோதே ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் ரயிலும் ஓடத் தொடங்கியது. அதில் லக்கேஜுக்கென்றே தனிப் பெட்டி! பயணம் 24 நிமிடம்தான்; ஆனாலும் விமானம் கிளம்ப 90 நிமிடம் இருக்கும்போதே ஒப்படைத்தாக வேண்டும். ரயிலிலிருந்து இறக்கிய லக்கேஜைப் பரிசோதித்து, விமானம் வாரியாகப் பிரித்து, ஏற்ற வேண்டுமே! நேரம் அங்கேதான் கரைகிறது. ரயில் பாதையைத் திட்டமிடும்போதே சுமைக்கும் வழி யோசித்தார்களே, அதுதான் பாராட்டத்தக்கது. நம் நாட்டில் புது தில்லி மெட்ரோ நிலையத்திலும் சில விமான நிறுவனங்களின் பயணிகளுக்கு இந்த வசதி உண்டு.