வேடமும் விளையாட்டும் – 14: தொட்டால் மட்டுமே துலங்கும் உண்மை

பலர் ஒன்றுகூடி, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரங்களின் பேச்சாலும் செயலாலும் ஒரு கதையை நடத்திச் செல்லும் ஆட்டம் ரோல்பிளே எனப்படுகிறது. விதிநூல், பகடை, நடுவர் ஆகியவற்றைக் கொண்டு நடப்பது இதில் ஒரு வகை. அவை எவையும் இல்லாமல், ஆடுவோர் தமக்குள் செய்துகொள்ளும் இணக்கத்தை மட்டுமே நம்பி நடப்பது இன்னொரு வகை. ஃப்ரீஃபார்ம் என்று ஆட்டக்காரர்கள் குறிப்பிடும் இந்த இரண்டாம் வகையில் எழுதப்படாத அடிப்படை விதி ஒன்று உண்டு: ஒரு பாத்திரம் என்ன நினைக்கிறது, எதற்கு அஞ்சுகிறது, எதை மறைக்கிறது என்பதை முடிவுசெய்யும் உரிமை அதை ஏற்றிருப்பவருக்கே உரியது. அரசர்களும் மந்திரவாதிகளும் உலவும் மாயக்கதைக்குள் பிறர் உள்ளத்தைப் படிக்கும் மந்திரம் நுழையும்போது, இந்த உரிமைதான் முதலில் அடிபடுகிறது. வாளை ஓங்கினால் எதிரே நிற்பவர் விலகிக்கொள்ளலாம், கேடயத்தை உயர்த்தலாம். ஆனால் ‘உன் மனத்தில் இருப்பதை அறிந்துவிட்டேன்’ என்று ஒருவர் அறிவித்துவிட்டால், மற்றவர் பல நாள் பொத்திப் பொத்தி வளர்த்த மறைபொருள் ஒரே வாக்கியத்தில் பறிபோகிறது.

இந்தச் சிக்கலை எப்படிக் கையாளலாம் என்பதற்கு மிகத் தெளிவான விடை, பகடை கொண்டு ஆடும் ரோல்பிளே தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தென்னாட்டு நாடக மேடையில் கிடைத்துவிட்டது. அந்த மேடை கூடியாட்டம். சமஸ்கிருத நாடகங்களைச் சாக்கியார், நங்கியார் குலத்தோர் கேரளக் கோயில்களில் வழிவழியாக நடித்துவந்த கலை. சேரன் செங்குட்டுவன் முன்னிலையில் சாக்கையன் ஒருவன் கொட்டிச்சேதம் என்னும் கூத்தை ஆடிய செய்தி சிலப்பதிகாரத்தில் இருப்பதால், அந்தக் குலத்தின் பழமை தமிழ் வாசகர்களுக்கு அயலானதன்று. யுனெஸ்கோ 2001-ல் மனிதகுலத்தின் அருஞ்செல்வங்களுள் ஒன்றாக இக்கலையை அறிவித்தது. திருவனந்தபுரத்தில் டி. அப்புக்குட்டன் நாயர் முன்னின்று உருவாக்கிய ‘மார்கி’ என்னும் நிறுவனம், கதகளியோடு கூடியாட்டத்தையும் நங்கியார்கூத்தையும் பயிற்றுவித்து மேடையேற்றி வருவதால், கோயில் கூத்தம்பலத்துக்கு வெளியே இருப்பவர்களும் இவற்றைக் காண வழி பிறந்தது.

கூடியாட்டக் கலைஞர்கள் பெரிதும் போற்றும் நாடகங்களுள் ஒன்று, சக்திபத்திரர் இயற்றிய ஆச்சரியசூடாமணி. இராமகாதையை ஏழு அங்கங்களில் சொல்லும் இந்நாடகத்தில் முனிவர்கள் இராமனுக்கு ஒரு மோதிரத்தையும் சீதைக்கு ஒரு சூடாமணியையும் தருகிறார்கள். இவற்றை அணிந்தவரின் தொடுகை பட்ட மாத்திரத்தில், மாய உருக்கொண்ட அரக்கரின் வேடம் கலைந்து சொந்த உருவம் வெளிப்பட்டுவிடும். இத்தகைய அணிகளைக் கதைத்தலைவனிடமும் தலைவியிடமும் கொடுத்துவிட்டு, அதன்பின் இராவணன் மாறுவேடத்தில் வந்து சீதையைக் கவர்ந்தான் என்று கதை சொல்வது எளிதன்று. ஆயினும் சக்திபத்திரர் அதைத்தான் செய்கிறார். இராவணன் இராமனாகவும் அவனுடைய தேரோட்டி இலக்குவனாகவும் வருகின்றனர். அயோத்தியில் பரதனுக்கு ஆபத்து என்று நம்பவைத்துச் சீதையைத் தேரில் ஏற்றுகின்றனர். மறுபக்கம் சூர்ப்பணகை சீதையின் உருவில் இராமனுடன் நிற்கிறாள். தேரிலுள்ள சீதை கீழே நிற்கும் இணையைப் பார்க்கிறாள். கீழே நிற்கும் இராமன் தேரிலுள்ள இணையைப் பார்க்கிறான். எதிரில் தெரிவதே அரக்கரின் மாயை என்று இருவரும் எண்ணிக்கொள்கின்றனர். உண்மையைக் காட்டும் அணிகள் இருவரிடமும் இருந்தும் உண்மை இருவருக்கும் எட்டவில்லை, ஏனெனில் தொடுகை இன்னும் நிகழவில்லை. பின்னர் பொய்ச்சீதையின் கண்ணீரை இராமன் துடைக்கக் கைநீட்டும்போது சூர்ப்பணகை தன் உருவில் நிற்கிறாள். தேரில் இராவணன் சீதையைத் தொடும்போது அவனுடைய வேடமும் குலைகிறது.

மாயக்கதை ஆட்டத்தில் உள்ளமறியும் மந்திரத்தை வைத்துக்கொள்ள விரும்புவோர் இந்த அங்கத்தைப் பாடமாகவே கொள்ளலாம். அணிகளின் ஆற்றல் எவ்வளவு, அது எப்போது செயல்படும் என்பவை முன்கூட்டியே சொல்லப்பட்டுவிட்டன. தேவைப்பட்ட இடத்தில் திடீரென்று முளைத்த வல்லமை அன்று அது. தொலைவிலிருந்து பார்த்து அறிய முடியாது, நெருங்கித் தொட வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால், வேடமிட்டவனுக்கும் தப்பித்துக்கொள்ள இடம் கிடைக்கிறது. இராவணன் எவ்வளவு நேரம் தொடாமல் இருக்கிறானோ அவ்வளவு நேரம் அவனுடைய ஆட்டமும் உயிரோடு இருக்கிறது. எல்லாவற்றிலும் முதன்மையானது, மோதிரம் உருவத்தைக் காட்டுகிறதே தவிர எண்ணத்தைக் காட்டுவதில்லை என்பதாகும். சூர்ப்பணகை யார் என்று இராமனுக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் ஏன் வந்தாள், அடுத்து என்ன செய்யப்போகிறாள் என்பவை அவளிடமே இருக்கின்றன. ஃப்ரீஃபார்ம் ஆட்டங்களில் பூசல் பெரும்பாலும் இந்த மூன்றாவது எல்லையை மீறுவதால்தான் வருகிறது.

பார்வை அளிக்கும் மந்திரம் பார்த்தவரையே ஏமாற்றவும் கூடும் என்பதையும் இந்நாடகத்தின் இறுதி அங்கம் காட்டத் தவறவில்லை. சீதை எந்நிலையில் இருந்தாலும் கணவன் கண்ணுக்கு அணிகலன்கள் பூண்டவளாகவே தோன்றுவாள் என்பது அனசூயை தந்த வரம். சிறைமீண்ட சீதையை அந்த வரத்தின் வழியே பார்க்கும் இராமன், துயரில் வாடியவள் இப்படியா ஒப்பனையோடு இருப்பாள் என்று ஐயுறுகிறான். தீப்புகும் நிலைக்கு அவளைத் தள்ளியது அந்த ஐயம். அன்பினால் அளிக்கப்பட்ட வரம் அவளுக்கு எதிரான சாட்சியாக மாறுவது இந்நாடகத்தின் மிகக் கூர்மையான கற்பனை. மந்திரம் காட்டியதைப் படித்தவர் தவறாகப் பொருள்கொள்ளலாம் என்ற இடைவெளியை ஆட்டக்காரர்கள் விட்டுவைத்தால், மந்திரம் கதையை முடித்துவைக்காமல் மேலும் நடத்திச் செல்லும்.

கதகளியில் நான்கு நாள் ஆட்டமாக நடக்கும் உண்ணாயி வாரியரின் நளசரிதத்திலும், தமிழில் புகழேந்தியின் நளவெண்பாவிலும் வரும் தமயந்தி சுயம்வரம் வேறொரு நெறியைக் காட்டுகிறது. இந்திரன், அக்கினி, யமன், வருணன் ஆகிய நால்வரும் நளனின் உருவிலேயே அவையில் அமர்ந்திருக்க, ஐந்து நளர்களுள் தன்னவன் யார் என்று தமயந்திக்குத் தெரியவில்லை. மகாபாரதத்தின்படி அவள் அவர்களின் மனத்தை ஊடுருவ முயல்வதில்லை. அந்தத் தேவர்களிடமே வேண்டுகிறாள். அவர்கள் இரங்கித் தம் அடையாளங்களைத் தாமே வெளிப்படுத்துகிறார்கள்: இமையா விழி, வியர்வை இல்லா உடல், வாடா மாலை, நிலந்தோயாத பாதம். வாடும் மாலையும் வியர்க்கும் மேனியும் உடையவனை அவள் தேர்ந்துகொள்கிறாள். விதிநூல் இல்லாத ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி கிடையாது: மந்திரம் போடுபவர் கேட்கிறார், மறைத்து வைத்திருப்பவரே எதைக் காட்டுவது என்று தீர்மானித்துக் காட்டுகிறார், காட்டியதைக் கொண்டு முடிவெடுக்கும் அறிவு கேட்டவருடையதாகிறது.

பகடை ஆட்டங்களும் மெல்ல மெல்ல இதே இடத்துக்கு வந்துசேர்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் 1974-ல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில், எண்ணமறியும் மந்திரம் முதலில் மனத்தின் மேற்பரப்பில் ஓடுவதை மட்டுமே காட்டும். ஆழமாகத் துழாவ முனைந்தால் எதிராளிக்குப் பகடை உருட்டித் தடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு, தன் மனம் துழாவப்படுவதும் அவருக்குத் தெரிந்துவிடும். பொய்பேச விடாத மந்திரவட்டத்துக்குள் சிக்கியவரும் நேரடி விடை தராமல் நழுவிப் பேசலாம். பகடை இல்லாத ஆட்டத்தில் தடுப்பதற்கான அந்த வாய்ப்பை விதி தருவதில்லை. சக ஆட்டக்காரர்தான் தர வேண்டும். ஆகவே ‘அவன் பொய் சொல்கிறான் என்று கண்டுகொண்டேன்’ என்று ஒருவர் அறிவிப்பது முறையன்று. ‘அவன் மனத்தை நாடுகிறேன், என்ன தெரிகிறது?’ என்று கேட்டு நிறுத்துவதே முறை. கேட்கப்பட்டவரும் ஒவ்வொரு முறையும் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று கதவை அடைத்துவிட்டால், மந்திரம் கற்ற பாத்திரத்தை விரும்பி உருவாக்கியவருக்கு அதுவும் அநீதியாகும். ஒரு துணுக்கையாவது, உருமாறிய ஒரு நினைவையாவது அவர் தந்தாக வேண்டும்.

ஆட்டக்காரருக்குத் தெரிந்தது வேறு, பாத்திரத்துக்குத் தெரிந்தது வேறு என்ற பகுப்பு கூடியாட்டத்தில் மிகக் கடுமையான பயிற்சியால் கைவருவது. பகர்ந்நாட்டம் என்னும் உத்தியில் ஒரே நடிகர், வேடம் மாற்றாமலேயே, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவி இருவரின் உள்ளத்தையும் மாறிமாறி நடித்துக் காட்டுகிறார். இரண்டு மனமும் அவருக்குத் தெரியும், ஆனால் ஒன்றின் அறிவு மற்றொன்றின் முகத்தில் கசிந்துவிடக் கூடாது. இந்த ஒழுங்கு ஃப்ரீஃபார்ம் ஆட்டத்தில் தளரும்போதுதான் மந்திரம் ஒரு சாக்காகிறது. ஆட்டக்காரர் என்ற முறையில் தாம் எப்படியோ தெரிந்துகொண்ட இரகசியத்தைத் தம் பாத்திரத்துக்கும் சட்டபூர்வமாக்கிக்கொள்ளவே பலர் உள்ளமறியும் மந்திரத்தை நாடுகிறார்கள் என்பதுதான் மெய்ந்நிலை.

திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 71-ஆவது அரசவையிலும் 110-ஆவது காதலிலும் பிறர் உள்ளத்தை அறியும் திறனைப் பேசுகின்றன. இரண்டிலும் அறிபவர் முகத்தையும் கண்ணையும் பார்த்தே அறிகிறார். அந்தக் குறிப்பைத் தருவது எதிரில் இருப்பவரின் முகமேயாகும். மாயக்கதை ஆட அமரும் இளைஞர்கள் தங்கள் மந்திரத்துக்கும் இந்த அளவை வகுத்துக்கொள்ளட்டும்: முதல் அமர்விலேயே அதன் எல்லையைச் சொல்லிவிடுங்கள், போடுமுன் கேளுங்கள், தரப்பட்டதற்கு மேல் எடுக்காதீர்கள்.