கரிசல் மண்ணில் விளைந்த கதைகள்

எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசை உதித்தவுடன் நம் இளைஞர் சிலர் முதற்காரியமாகச் செய்வது என்ன தெரியுமா? மலைவாசஸ்தலத்துக்கு வண்டி ஏறுகிறார்கள்! கொடைக்கானல் மூடுபனியைக் கண்டால்தான் கற்பனை சுரக்கும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு நாம் இடைசெவலைக் காட்ட விரும்புகிறோம். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள சிற்றூர் அது. அருவி கிடையாது, ஜீவநதி கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் காடுதான். சித்திரை வெயிலில் அந்த மண் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி மழை விழுந்ததோ இல்லையோ, அதே மண் பிசினாகக் குழைந்து, நடப்பவன் காலைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்னும். நீரைக் குடித்துப் பருப்பதும் காய்ந்து சுருங்குவதும் அக்களிமண்ணின் குணம். பருத்தியும் கம்பும் சோளமும் அங்கே வானம் பார்த்தே விளைந்தன.

இந்த ஊரில் 1923-ஆம் வருஷத்தில் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருவர் கு. அழகிரிசாமி, மற்றவர் கி. ராஜநாராயணன். சாகித்ய அகாடமி பரிசு முன்னவருக்கு 1970-ல், அவர் காலமான பின்பு கிடைத்தது. பின்னவருக்கு 1991-ல் கிடைத்தது. ஒரே சிற்றூரின் தோழர் இருவருக்கு இப்படி வாய்த்தது அபூர்வம் அல்லவா?

தென்றலும் நிலவும் வந்து அவர்கள் காதில் கதை சொல்லின என்று எழுதிவிடலாம். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். நாம் அதை நம்பவில்லை. குடியானவனுக்கு இயற்கை வேடிக்கைப் பொருளன்று; வயிற்றுப்பாடு. மேகம் எத்திசையில் திரள்கிறது என்று அவன் அண்ணாந்து பார்ப்பது அழகை ரசிப்பதற்காகவா? அப்படிப் பார்ப்பவர் நடுவே வளரும் குழந்தைக்கு மண்ணுக்கும் காற்றுக்கும் செடிக்கும், மாட்டின் கொம்பு வளைந்த விதத்துக்குங்கூடத் தனித்தனிப் பெயர் தெரிந்துவிடுகிறது. பெயர் தெரிந்த பொருளைத்தான் கண் உற்றுப் பார்க்கிறது. பட்டம் ஏதும் பெறாத ராஜநாராயணன், தம் சீமையின் சொற்களைத் திரட்டி 1982-ல் ஓர் அகராதியே வெளியிட்டார். பண்டிதர்கள் கூடிச் செய்ய வேண்டிய வேலை அது!

அவருடைய ‘கதவு’ என்னும் சிறுகதையை நேயர்கள் படித்திருக்கலாம். ஏழைக் குடிசையின் கதவு. அதில் ஏறி நின்று ஆட்டுவதுதான் குழந்தைகளின் ஆனந்தம். தீர்வைப் பாக்கிக்காக அந்தக் கதவைப் பெயர்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்புறம் அவ்வீட்டுக்குள் நுழைந்த வாடைக்காற்று செய்த கொடுமையை நாம் இங்கே சொல்லப் போவதில்லை. கதைக்கு மூலதனம் ஒரு பழைய மரக்கதவும், அதில் ஆடிய குழந்தைகளும், பனிக்காற்றும், அவ்வளவே.

ஆனால் மண் ஒன்றாயிருந்தும் விளைச்சல் ஒன்றாகவில்லை. ராஜநாராயணன் ‘கோபல்ல கிராம’த்தில் காடு திருத்தி ஊர் கண்ட ஒரு ஜனசமூகத்தின் கதையைச் சொன்னார். அழகிரிசாமியோ ‘ராஜா வந்திருக்கிறா’ரில் தீபாவளிக்கு முன்னிரவு ஏழைத் தாயின் வாசலில் வந்து நின்ற அநாதைச் சிறுவனைச் சொன்னார். ஒருவர் ஊரைப் பார்த்தார். மற்றவர் பிள்ளைகளின் மனத்தைப் பார்த்தார். பிற்காலத்தில் அழகிரிசாமி மலாயாவிலும் சென்னையிலும் பத்திரிகைத் தொழில் புரிந்தார். ராஜநாராயணன் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராகி, 2021-ல் மறையும் வரை அந்தக் கடற்கரை நகரிலேயே வாழ்ந்தார். எனினும் கரிசல் அவரது பேனாவை விட்டுப் போகவில்லை.

கரிசலில் பிறக்காதவர் என்ன செய்வது என்று கேட்பீர்கள். திருவல்லிக்கேணிச் சந்தில் பிறந்தவனுக்கு அந்தச் சந்து இருக்கிறது. நம் வகுப்பில் ‘மழை நாள்’ என்று வியாசம் எழுதச் சொன்னால், நாற்பது பிள்ளைகளில் முப்பது பேருடைய நோட்டில் மயில் தோகை விரித்து ஆடும். அவர்களில் பலர் மயிலை நேரில் கண்டதில்லை. வாசலில் தேங்கிய நீரில் விட்ட காகிதக் கப்பல் மட்டும் நோட்டுக்குள் வருவதில்லை. அது இலக்கியமல்ல என்று எண்ணுகிறார்கள். ஒரு பெண் மாத்திரம், மொட்டை மாடியில் காயவைத்த வடாத்தைப் பாட்டி முந்தானையில் அள்ளிக்கொண்டு ஓடி வந்ததையும், அதற்குள் பாதி வடாம் மறுபடியும் கூழாகிப் போனதையும் எழுதியிருந்தாள். அவளுக்கே அதிக மதிப்பெண் அளித்தோம்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய தகப்பனார் நம்மைத் தேடி வந்தார். நோட்டைப் புரட்டிக் காட்டி, “எல்லாம் சரிதான் ஸார், மயிலே இல்லையே?” என்றார்.