எழுபது வளைவும் ஓர் அன்னாசியும்

கொல்லிமலையிலிருந்து காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கிக்கொண்டிருந்த பேருந்து. யாருடைய சாக்கிலிருந்தோ ஓர் அன்னாசி நழுவி, இருக்கைகளுக்கு நடுவே விழுந்துவிட்டது. '40/70' என்று வளைவு எண் எழுதிய பலகையை ஒட்டி வண்டி இடப்பக்கம் ஒடிந்து திரும்ப, பழம் உருண்டு வலப்பக்க இருக்கைக்கு அடியில் போய் முட்டியது. அடுத்த வளைவு வலப்பக்கம். பழம் இடப்பக்கம் வந்தது. யாரும் எடுக்கவில்லை, எடுக்கக் குனிந்தால் ஆளும் சேர்ந்து உருள வேண்டியதுதான்.

என் பக்கத்தில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த பெண் பதினொன்றாம் வகுப்பு, அறிவியல் பிரிவு. இயற்பியலில் எது ரொம்பக் கஷ்டம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "பன்னிரண்டாவதுல குவாண்டம் வருமாமுங்க சார், அதுதான் பயமா இருக்குது. இந்த வருசத்துப் பாடமெல்லாம் ஈசிதானுங்க" என்றாள்.

"அந்தப் பழத்தை எது தள்ளுது கண்ணு?"

"மையவிலக்கு விசைங்க சார்." ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சரி, அந்த விசையைக் கொடுக்கிறது யாரு? சீட்டா, தரையா, காத்தா?"

வண்டி இரண்டு வளைவு இறங்கியது. பதில் வரவில்லை. நல்ல மதிப்பெண் வாங்குகிற பெண். சூத்திரத்தைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவாள். அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

விசை என்று ஒன்று இருந்தால் அதைக் கொடுக்க ஒரு பொருள் இருக்க வேண்டும். அன்னாசியை வெளிப்பக்கம் தள்ள அங்கே எதுவுமே இல்லை. சாலையோரத்தில் நின்று, பேருந்து கண்ணாடியால் ஆனது என்று நினைத்துக்கொண்டு பாருங்கள். பழம் தன்பாட்டுக்கு நேராகப் போகப் பார்க்கிறது; அதன் அடியில் வண்டிதான் திரும்பிக்கொள்கிறது. வலப்பக்க இருக்கையின் கால் வந்து பழத்தை இடித்து, அதையும் வளைவின் உள்பக்கம் திருப்புகிறது. உண்மையில் இருக்கிற விசை அந்த இடி ஒன்றுதான். அது உள்நோக்கிய விசை. வண்டிக்குள் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர் மட்டும், கணக்கு நேராக, வெளிநோக்கி ஒரு போலி விசையைச் சேர்த்துக்கொள்கிறார்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். வளைவின் ஆரம் 10 மீட்டர், வண்டியின் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ ஆளைத் திருப்ப ஏறக்குறைய 104 நியூட்டன் விசை வேண்டும். பத்தரைக் கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய விசை அது. இருக்கையும் ஜன்னல் கம்பியும் நம்மை உள்பக்கம் தள்ளி அதைக் கொடுக்கின்றன. ஆனால் தோள்பட்டை கம்பியில் அழுந்தும்போது நம் உடம்பு சொல்வது நேர்மாறாக இருக்கிறது: "என்னை யாரோ வெளியே தள்ளுகிறார்கள்." பேச்சும் உடம்பின் பக்கம்தான். "வளைவுல வண்டி தூக்கி அடிக்குது" என்கிறோம். நேராகப் போகப் பார்த்தவர்கள் நாம், திரும்பியது வண்டி என்று யார் சொல்கிறார்கள்?

இதனால்தான் இயக்கவியலைக் குவாண்டத்தைவிடக் கடினமான பாடம் என்று நினைக்கிறேன். எலக்ட்ரானைப் பற்றி நம் உடம்புக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. வெறும் பலகையில் எழுதுவதுபோல எழுதிக்கொள்ளலாம். விசையைப் பற்றியோ நடை பழகிய நாளிலிருந்து உடம்பு தனக்கென்று ஒரு பாடம் எழுதி வைத்திருக்கிறது. அதை அழிக்காமல் மேலேயே எழுதுகிறோம்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நியூட்டனே இங்கே தடுக்கியவர். 'மையவிலக்கு விசை' என்ற சொல்லைத் தந்தவர் ஹாலந்துக்காரர் ஹைகன்ஸ். 1660களில் இளைஞர் நியூட்டனும் வட்டப்பாதையில் சுற்றும் பொருள் வெளியே ஓட முயல்கிறது என்றே கணக்குப் போட்டார். 1679-80இல் ராபர்ட் ஹூக்கோடு கடிதப் போக்குவரத்து நடந்தது. தொடுகோட்டில் நேராகப் போகும் இயக்கம் ஒன்று, மையத்தை நோக்கிய ஈர்ப்பு ஒன்று, இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமே என்றார் ஹூக். 1684இல்தான் நியூட்டன் எழுத்தில் 'மையநோக்கு விசை' என்ற சொல் வருகிறது, 1687இல் 'பிரின்சிபியா'. நியூட்டனுக்கே இருபது ஆண்டு பிடித்த ஒரு திருப்பத்தை நம் பிள்ளைகள் இரண்டு பீரியடில் கடந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

அமெரிக்காவில் ஹல்லூன், ஹெஸ்டினஸ் என்ற இருவர் 1985இல், வகுப்பில் இந்தத் திருப்பம் நடக்கிறதா என்று சோதித்து எழுதினார்கள். இயற்பியல் வகுப்பை முடித்த பிறகும் மாணவர்களின் பழைய நம்பிக்கைகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. அதே மாதிரிக் கேள்விகளை ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் கொடுத்தபோது ஒரு மாணவி கேட்டாராம்: நீங்கள் நடத்தியபடி எழுதட்டுமா, நான் நினைக்கிறபடி எழுதட்டுமா? இந்தக் கேள்வியை நம் ஊரில் எந்தப் பிள்ளையும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் நல்லது.

என்ட்ரோபியும் மின்காந்தப் புலமும் லேசானவை என்று சொல்லவில்லை. அவற்றுக்குத் தனித்தனி வாரங்கள் உண்டு. ஆனால் அன்னாசியை அவசரமாகக் கடந்தவர்கள் பிறகு எங்கே போய் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1907இல், பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த ஐன்ஸ்டைனுக்கு ஒரு யோசனை வந்தது: மேலிருந்து விழுகிறவருக்குத் தன் எடையே தெரியாது. அப்படியானால் எடையும் வண்டிக்குள் இருப்பவரின் போலி விசை போன்றதுதானா? அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு எட்டு ஆண்டு உழைத்துத்தான் 1915இல் பொதுச் சார்பியலுக்கு வந்து சேர்ந்தார். போலி விசை புரியாதவருக்கு அந்தக் கதவு திறக்காது.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930இல் பத்தொன்பது வயதில் கப்பலேறிய சந்திரசேகர், விண்மீன்களையும் கருந்துளைகளையும் கணக்கில் பிடித்து நோபல் பரிசும் பெற்றவர். கடைசிக் காலத்தில் அவர் உட்கார்ந்தது நியூட்டனின் 'பிரின்சிபியா'வோடு. ஒவ்வொரு தேற்றத்தையும் முதலில் தானே நிறுவிப் பார்த்துவிட்டு, பிறகு நியூட்டன் எப்படிச் செய்தார் என்று ஒப்பிட்டார். அந்தப் புத்தகம் 1995இல் வெளிவந்தது. அதே ஆண்டு அவர் காலமானார். அடிப்படைப் பாடம் என்று நாம் தள்ளிவிடுகிற ஒன்றுக்கு அவர் அவ்வளவு நாள் கொடுத்தார்.

பேருந்தில் அந்தப் பெண்ணிடம் இவ்வளவும் சொல்லவில்லை. அவளுடைய தண்ணீர் பாட்டில் கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. மூடியை இறுக்கி, ஜன்னல் பக்கம் அடியும் நடைவழிப் பக்கம் மூடியுமாகப் படுக்கவைத்துப் பிடிக்கச் சொன்னேன். "வளைவுல நாமெல்லாம் வெளிப்பக்கம் சாய்வோம். உள்ளே இருக்கிற காத்துக்குமிழி எந்தப் பக்கம் போகும்?"

"அதுவும் வெளிப்பக்கந்தானுங்க சார்."

வண்டி திரும்பியது. நாங்கள் எல்லோரும் வெளிப்பக்கம் சாய்ந்தோம். குமிழி உள்பக்கம் ஓடியது. பாட்டிலைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். அடுத்த வளைவிலும் அப்படியே. அதற்கு அடுத்ததிலும். "தண்ணிதானுங்க நேராப் போகப் பாக்குது... கனமா இருக்கிறதால அது வெளிப்பக்கம் போய் நெருக்குது, குமிழிக்கு எடம் இல்லாம..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்தாள். காரவள்ளி அடிவாரம் வந்து சாலை நேரானதும் குமிழி நடுவில் வந்து நின்றது. அவள் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. காளப்பநாயக்கன்பட்டியில் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டு, "வா புள்ள" என்று கீழேயிருந்து கூப்பிட வேண்டியிருந்தது.

(தொடரும்)