கடல் விராலுக்கு ஒரு கூண்டு

"கடலில் இல்லாத மீனா? அதையும் ஏன் கூண்டில் அடைக்க வேண்டும்?" என்று ராமநாதபுரம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பதில் அவர் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையத்தில் 2010-இல் கடல் விராலைக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். இந்தியாவில் அதுதான் முதல் முறை. கூண்டில் விட்டால் 7 மாதத்தில் 2.5 முதல் 3 கிலோ வரை வளரும்.

விசித்திரமான மீன் இது. பெரும்பாலான மீன்களை மிதக்க வைக்கும் காற்றுப்பை இதற்குக் கிடையாது. நீந்துவதை நிறுத்தினால் கீழே இறங்கிவிடும். திறந்த கடலில் திருக்கை, ஆமை, சுறா எது போனாலும் பின்னாலேயே போகும். கொசுமருந்துப் புகை வண்டி வந்தால் எங்கள் தெருப் பையன்கள் நாங்கள் ஓடினோமே, அதே ஓட்டம். ஆனால் நாங்கள் வெறும் புகையைத் தின்றோம். திருக்கை மணலைக் கிளற, ஓடுகிற நண்டை இது பிடித்துக்கொள்கிறது.

6 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கூண்டை மிதக்கவிடுவது பெரிய வித்தையில்லை. வலைக்கண்ணைப் பாசியும் கொட்டலசும் அடைத்தால் உள்ளே நீரோட்டம் நின்று மீன் திணறும். பார்த்து வலை மாற்ற வேண்டும். தீனி போட வேண்டும், இரவுக் காவல் வேண்டும். கரையில் குடியிருப்பவர்கள் குழுவாகச் சேராமல் இது நடக்காது. மண்டபத்தை அடுத்த முனைக்காட்டில் கூண்டைச் சுற்றிக் கடற்பாசி மிதவைகளையும் கட்டிப் பார்த்தார்கள். மீன் கழிவு பாசிக்கு உரம். (அந்தப் பாசி வெளிநாட்டு வரவு. குருசடைத் தீவின் பவளப்பாறைமேல் அது படர்ந்ததையும் மறக்கக் கூடாது.) ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை, அப்போது கூண்டு மீனைப் பிடித்தால் நல்ல விலை.

எனக்கு உறுத்துவது தீனிதான். இழுவை மடியில் வாரிவந்த பொடிமீனைப் பல கிலோ கொட்டி ஒரு கிலோ விரால் எடுத்தால் கடலுக்கு என்ன லாபம்? வாசகரின் கேள்வி அங்கே நியாயமாகிவிடுகிறது.

இன்னொன்று, இடம். எந்தப் பாட்டில் (மீன்பிடி இடத்தில்) யார் வலை விடுவார்கள், நாட்டுப்படகு எந்த வழியில் வரும் என்பதெல்லாம் மீனவருக்குத் தெரியும்; வரைபடத்தில் இருக்காது. முதலீட்டாளருக்கு அனுமதி கொடுத்துவிட்டு ஊருக்குத் தகவல் சொல்வதை நிறுத்துங்கள். ஊர்க்கூட்டம் ஒப்புக்கொண்ட பிறகே நங்கூரம் இறங்கட்டும்.