உங்களுக்குத் தெரியுமா? ஊட்டிக் குளிரும் சர்க்கரைக்காரர் குறட்டையும்

ஊட்டி விடுதியில் கம்பளிக்குள் முழங்கும் குறட்டை சட்டென நிற்கிறது. இருபது விநாடி மூச்சே இல்லை. பிறகு ஒரு திணறலோடு மீண்டும் தொடங்குகிறது. தொண்டைத் தசை தளர்ந்து காற்றுவழி அடைபடும் இந்த உறக்க மூச்சுத்தடை சர்க்கரைக்காரர்களிடம் மிக அதிகம். 2009-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், உடல் பருமனும் டைப் 2 சர்க்கரையும் உள்ள 306 பேரில் 86 சதவீதத்தினருக்கு இது இருந்தது. சர்க்கரை, மூச்சுத்தடை இரண்டுக்கும் தொப்பைதானே காரணம் என்று கேட்கலாம். பாதி உண்மை. ஆனால் அதே ஆண்டு வந்த இன்னொரு சோதனையில், ஆரோக்கியமான 13 பேருக்கு ஐந்து மணி நேரம் ஆக்சிஜனை விட்டுவிட்டுக் குறைத்ததிலேயே, இன்சுலினுக்கு உடல் இணங்கும் திறன் 17 சதவீதம் சரிந்தது. அங்கே தொப்பைக்கு வேலையே இல்லை. அதற்காக, இரவில் மூச்சுக்கருவி மாட்டினால் மாத்திரையை நிறுத்தலாம் என்று எண்ண வேண்டாம். ஆறு மாதம் மாட்டிப் பார்த்த ஒரு சோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை இறங்கவில்லை.

மலை இதில் இன்னொரு முடிச்சைப் போடுகிறது. சுமார் 2,240 மீட்டர் உயர ஊட்டியில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். சுவிட்சர்லாந்தில், சிகிச்சையை நிறுத்தியிருந்த மூச்சுத்தடை நோயாளிகளை 1,860 மீட்டருக்கு, அதாவது கிட்டத்தட்ட நம் குன்னூர் உயரத்துக்கு, அழைத்துச் சென்றபோது மூச்சு நிற்பது கூடியது. மலைத் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. அவர் உடல் மலைக்குப் பழகியது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் பயணிக்குப் பொருந்தும். இரவில் நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்தால் அவர் குளிரையோ சர்க்கரையையோ திட்டுவார். மூச்சுத்தடையும் அப்படி எழுப்பும்.